இரண்டு விரற்கடை இறக்கம்

"ராத்திரி நிறுத்துறப்ப நேராத்தான் நின்னுச்சுங்க. விடிஞ்சு பாத்தா வலது பக்கம் ரெண்டு விரக்கடை எறங்கிக் கெடக்குது." பாலசமுத்திரத்தில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் தன் பிக்கப்பைச் சுற்றி வந்துகொண்டே சொன்னார். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாகிவிட்டது. ஒருவர் காற்றுப் பையை மாற்றச் சொன்னார், ஒருவர் வால்வை. மூன்றாமவர் அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடி கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாமவரைக் குறை சொல்ல மாட்டேன். பழனி வட்டாரத்துச் சரக்கு வண்டிகள் பெரும்பாலும் பட்டையில்தான் ஓடுகின்றன. வண்டிக்கு உதவாமல் போன பிறகும் கொல்லுப்பட்டறையில் அரிவாளாக மறுபிறவி எடுக்கும் எஃகு அது. ஆனால் முழுப் பாரத்துக்கு ஏற்ற பட்டை, வெறும் வண்டியில் கட்டையாக நிற்கும். பாதிப் பாரத்தில் கொய்யா கன்றிப் போகும். அதற்காகத்தான் நண்பர் சேஸிக்கும் அச்சுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றுப் பை வைத்தார். காற்றை அமுக்க அமுக்க எதிர்ப்பு கூடும் என்று ராபர்ட் பாயில் 1662இல் எழுதிய விதிதான் அந்தப் பைக்குள் வேலை செய்கிறது. பாரம் ஏறினால் காற்றை ஏற்றலாம், இறக்கினால் விட்டுவிடலாம். ஆம்னி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவரையும், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்த வந்தே பாரத் ரயிலில் காபி சிந்தாமல் குடிப்பவரையும் தாங்குவது இதே ஏற்பாடுதான்.

இதன் ஒரே எதிரி கசிவு. 1957இல் காடிலாக் நிறுவனம் தன் விலை உயர்ந்த எல்டொராடோ ப்ரோம் காரில் காற்று சஸ்பென்ஷன் வைத்து விற்றது. காற்று நிற்காமல் போகவே, வாங்கியவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்குத் திரும்பினார்கள். நம் மூன்றாவது மெக்கானிக்குக்கு அமெரிக்காவிலும் கட்சிக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்!

கசிவைத் தேடும்போது காதை நம்புவதுதான் முதல் தவறு. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினாலே, ஓட்டையின் மிகக் குறுகலான இடத்தில் காற்று ஒலியின் வேகத்தில் பாய்கிறது. ஓட்டை பெரிதானால் 'உஸ்' என்று கேட்கும். ஒரு ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டு இறங்கும் கசிவோ சத்தமே போடாது.

ஆகவே அளந்து பார்ப்போம் என்றேன். சேஸியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரங்கள் தரையில் படாமல் தொங்கவிட்டோம். (காற்றை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.) இப்படித் தொங்கினால் பையின் உயரம் அவ்வளவாக மாறாது, மடிப்புகளும் விரிந்துகொடுக்கும். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பைச் சுருங்கிய பையில் பார்க்கவே முடியாது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய் என்பது எங்கள் அதிர்ஷ்டம். ஒரே குழாயிலிருந்து பிரிந்திருந்தால் குற்றவாளி எந்தப் பக்கம் என்றே தெரிந்திருக்காது. சாயங்காலம் இரண்டிலும் 60 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்று ஏற்றிவிட்டுப் போனோம்.

பத்து மணி நேரம் கழித்து, விடியலில் வலது பக்கம் 50. நண்பர் தலையில் கை வைத்தார். எனக்கோ இடது பக்கம்தான் ஆச்சரியமாக இருந்தது. எந்தக் குறையும் இல்லாத அந்தப் பையும் 56க்கு இறங்கியிருந்தது.

அது கசிவு அல்ல, குளிர். ஏற்றியபோது 37 டிகிரி. கொடைக்கானல் மலையடிவாரத்து விடியலில் 21. வெப்பம் இறங்கினால் அடைபட்ட காற்றின் அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கும். கெல்வினில் சொன்னால் 310 என்பது 294 ஆகியிருக்கிறது, அதாவது ஐந்து சதவீதச் சரிவு. மீட்டர் காட்டும் 60உடன் வெளிக்காற்றின் 14 பவுண்டைச் சேர்த்தால் 74. அதில் ஐந்து சதவீதம் ஏறக்குறைய 4 பவுண்டு. ஆக, வலது பக்கம் காணாமல் போன பத்தில் நாலு குளிரின் கணக்கு. மிச்சம் ஆறுதான் ஓட்டையின் வேலை. ஒழுங்காக இருக்கும் பையைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளாமல் மீட்டரை மட்டும் பார்த்தால் குளிர்ந்த காலையில் எல்லாப் பையும் கசிவதுபோலத்தான் தெரியும்.

நாலு லிட்டர்ப் பையில் ஆறு பவுண்டு குறைந்தால் வெளியேறிய காற்று சுமார் 1,700 மில்லி. பத்து மணி நேரத்துக்கு அதைப் பங்கிட்டால் நிமிடத்துக்கு மூன்று மில்லிகூட இல்லை. இதை எந்தக் காது கேட்கும்? ஆனால் ஒரு சென்டிமீட்டர் அகலக் குமிழிக்கு அரை மில்லி காற்று போதும். அப்படியானால் பதினோரு நொடிக்கு ஒரு குமிழி!

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தோம். வெறும் தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம். குமிழி வந்த வேகத்தில் உடைந்துவிடும். ஷாம்பு அந்த இழுவிசையை அரைவாசிக்கும் கீழே கொண்டுவந்து, மெல்லிய தோலையும் கொஞ்ச நேரம் காக்கிறது. பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குவாரே, அதே வித்தைதான். இங்கே பையைத் தொட்டிக்குள் கொண்டுபோக முடியாததால் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தடவினோம். பை சுத்தம். மேல் தட்டின் விளிம்பு சுத்தம். காற்று ஏற்றும் வால்வும் சுத்தம். குழாய் பைக்குள் நுழையும் எல்போவில் தடவிவிட்டுக் காத்திருந்தோம். முத்துப்போல ஒரு குமிழி பருத்து நின்றது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.

காற்றை விட்டுவிட்டுக் குழாயை உருவினால் முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. பொருத்தியவர் கட்டிங் பிளேயரால் நறுக்கியிருக்க வேண்டும். எல்போவுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் குழாயைச் சுற்றிலும் ஒரே சீராகக் கவ்வ வேண்டும். முனை சாய்ந்து நசுங்கியிருந்தால் ஒரு பக்கம் கவ்வாது. புது பிளேடால் இரண்டு சென்டிமீட்டர் நேராக வெட்டி, அடிவரை அழுத்திச் செருகினோம். மறுபடி 60 பவுண்டு.

மறுநாள் விடியலில் நண்பர் போன் செய்தார். "ரெண்டு பக்கமும் 56ங்க. ஸ்டாண்டை எடுத்துறலாமா?"