துவக்கின் துணைக்கருவி

ஆயுதம் என்னுஞ் சொல் தமிழிலே இருபொருள் தருவது. போர்வீரன் ஏந்தும் வாளும் ஆயுதமே. தச்சன் கையிலுள்ள உளியும் ஆயுதமே. மகாநவமி நாளிலே கரவனெல்லையைச் சூழ்ந்த தோட்டங்களிற் கவ்வாத்துக் கத்தியும், றப்பர்ப் பால்வெட்டுங் கத்தியும், தொழிற்சாலைப் பொறியும் ஒருங்கே சந்தனமுங் குங்குமமும் பெறுவது இதனாலேயாம். ஆயின், ஓர் ஆயுதத்தைப் பேணுதற்கென்றே அமைந்த மற்றோர் ஆயுதம் உண்டென்பதைப் பலர் எண்ணுவதில்லை. றைபிள் துவக்கைக் கழற்றவும் பூட்டவும் துப்புரவாக்கவும் பயன்பட்ட பல்தொழிற் கைக்கருவியே அது.

இக்கருவியின் இன்றியமையாமையை உணர்த்தக் கரவனெல்லைப் பகுதியே தக்க சான்றாகும். களனி கங்கைப் பள்ளத்தாக்கு, கொழும்பிலிருந்து கண்டிக்குச் சென்ற பழைய படைவழிகளுள் ஒன்று. அயலிலுள்ள ருவன்வெல்லையில் ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கோட்டை அமைத்தனர். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஈரவலயம் இது. இங்கே இரும்புக்குப் பகைவன் துருவே.

துவக்கிலோ அப்பகை இருமடங்காகும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றுஞ் சேர்ந்த கருமருந்து எரியும்போது, அதன் எடையிற் பாதிக்குமேல் வாயுவாகாது உப்புக்களாய் மாறுகின்றது. அவற்றுள் ஒரு பகுதி புகையாய் வெளியேற, எஞ்சியது கசடாய்க் குழலினுள்ளே படிகின்றது. இவ்வுப்புக்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவன. ஆதலின் சுட்ட துவக்கைக் கழுவாது ஓரிரவு வைப்பினும் உட்புறம் துருவேறும். எண்ணெய் மட்டும் பூசுதல் போதாது. உப்பைக் கரைப்பது நீரே. முதலில் நீர், பின்னர் உலர்ந்த துணி, இறுதியில் எண்ணெய் என்பதே முறை.

சிக்கிமுக்கிக் கல்லால் தீமூட்டிய பழைய மசுக்கெத்துக் காலத்தில், சிப்பாய் ஒருவன் துளை குத்தும் ஊசியையுஞ் சிறு தூரிகையையுஞ் சங்கிலியிற் கோத்து மார்பிலே தொங்கவிட்டிருந்தான். திருப்புளி முதலியன வேறாக இருந்தன. 1853ஆம் ஆண்டு பிரித்தானியப் படை ஏற்ற என்பீல்ட் றைபிளோடு இவை பலவும் ஒன்றாய் இணைந்தன.

அவ்விணைப்புக் கருவி உள்ளங்கையில் அடங்குவது. அதன் உறுப்புக்கள் பின்வருமாறு தொழில் செய்தன. வெடிகேப்பைத் தாங்குஞ் சிறு குழாயைக் கழற்ற ஒரு சாவி. அக்குழாயின் நுண்டுளை அடைபட்டாற் குத்தித் திறக்க ஓர் ஊசி. பெரிய திருகாணிக்கும் சிறிய திருகாணிக்கும் ஏற்ற இரு திருப்புளிகள். துளித்துளியாய் எண்ணெய் வார்க்க ஒரு சிறு குப்பி. இன்னும் இரண்டு உறுப்புக்கள் இடிகோலின் நுனியிற் பொருத்தற்குரியன. அவற்றுள் ஒன்று, சுருண்ட இரு முட்களால் துணியைப் பற்றிக் குழலைத் துடைப்பது. மற்றையது, வெடியாது சிக்கிய ஈயக்குண்டினுள் திருகிப் புகுந்து அதனை வெளியே இழுப்பது.

இவற்றிலெல்லாம் நுட்பமானது வில்லிறுக்கி. துவக்கின் பூட்டினுள்ளே வலிய எஃகு வில்லொன்று மடிந்திருக்கும். அதனை இறுக்கிப் பிடியாது கழற்ற முயன்றால் வில் முறியும். அன்றிக் கையைப் புண்படுத்தும். எனவே வில்லிறுக்கி அமைந்த கருவி சார்ஜன்டுக்கே வழங்கப்பட்டது. சாதாரண சிப்பாயின் கருவியில் அவ்வுறுப்பு இல்லை. குழலைத் துடைக்கலாம், திருகாணியை முடுக்கலாம். பூட்டின் உள்ளத்தைத் திறத்தல் மட்டும் அவனுக்கு உரியதன்று. ஒரு கருவியின் உறுப்புக்களை எண்ணியே, ஒருவனிடம் எவ்வளவு நம்பிக்கை வைக்கப்பட்டது என்பதை அளந்துவிடலாம் போலும்!

இக்கருவி வரலாற்றின் புகழ்பெற்ற கிளை சுவிற்சலாந்தில் உள்ளது. 1889ஆம் ஆண்டு றைபிளைக் கழற்றத் திருப்புளி வேண்டும். சிப்பாய்க்கு உணவுத் தகரத்தைத் திறக்கவும் ஒன்று வேண்டும். எனவே கத்தி, துளையூசி, தகரந்திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் ஒரு கைப்பிடியில் மடிந்தன. 1891இல் அந்நாட்டுப் படைக்கு வழங்கப்பட்ட அக்கத்தியின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் சட்டைப்பைகளில் உள்ளன. போருக்கென அமைந்த கருவி, இன்று பெரும்பாலும் பழந்தோல் சீவவே பயன்படுகின்றது.

மலையகத்தை நோக்குவோம். 1900இல் தோன்றிய இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை, ஐரோப்பியத் துரைமாரையே உறுப்பினராகக் கொண்டது. தென்னாபிரிக்கப் போருக்கும், 1914இல் எகிப்துக்கும் அது வீரரை அனுப்பி, 1949இல் கலைக்கப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்து லீ-என்பீல்ட் றைபிளிற் பல்தொழிற் கருவி சுருங்கிவிட்டது: மரப்பிடியின் பின்புறத்து அறையில் ஓர் எண்ணெய்க் குப்பியும், துணி கோத்துக் குழலூடே இழுக்குங் கயிறுமே வைக்கப்பட்டன. ஏனைய பழுதெல்லாம் படைக்கொல்லன் பொறுப்பு. துரையிடம் துவக்கு, தொழிலாளி கையிற் கவ்வாத்துக் கத்தி, இதுவே அன்றைய தோட்டத்தின் ஒழுங்கு.

எனினும் ஒன்று கருதற்பாலது. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுங் கலை அதனைப் பிடித்தவனுடையதாகவே இருந்தது. கூர் மழுங்கிய கத்தி செடியைக் கிழிக்கும். கிழிந்த கிளையில் நோய் புகும். ஆதலின் தீட்டுகல்லே அவனுடைய பல்தொழிற் கருவி எனலாம். பேணும் அறிவு பிடிப்பவனிடமே இருக்கும் இடத்திற் கருவி நெடுங்காலம் வாழ்கின்றது. பிறனிடஞ் சென்றபோது, பிடிப்பவன் அதற்கு வெறுங் காவலனாகின்றான்.

இக்காலத்து மாணவர் நாள்தோறும் பல பொறிகளைக் கையாளுகின்றனர்; அவற்றைத் திறந்து பார்த்தோர் சிலரே. அடுத்த ஆயுதபூசையிற் பொறிக்குப் பொட்டிடுமுன், அதன் ஒரு திருகாணியையேனும் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்ட முயல்வோமாக. அதுவும் ஒருவகை வழிபாடே.