ரெடியா, சிங்கம்?

அரக்கோணத்தில் காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று ரயில் பெட்டியில் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கும். என்னுடைய அந்த இரண்டாவது குடும்பத்தில் (வேறு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம், வீட்டில் இந்தப் பத்திரிகை படிக்கிறார்கள்!) ஒரு சர்தார்ஜி இருக்கிறான்.

பெட்டியில் அவன் பெயர் 'சிங்கம்'. அவன் அப்பா இங்கே ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமான தளத்தில் வேலை பார்த்தவர். ரிட்டயரானதும், "ஊர் பழகிடுச்சு" என்று இங்கேயே தங்கிவிட்டார். சிங்கம் பிறந்தது, படித்தது, கிரிக்கெட் ஆடிக் கண்ணாடி உடைத்தது எல்லாம் அரக்கோணத்தில்தான். டிக்கெட் பரிசோதகர் தலைப்பாகையைப் பார்த்துவிட்டு இந்தியில் ஆரம்பித்தால், "சார், நமக்கு இந்தி சுமார்தான். தமிழ்லயே கேளுங்க" என்பான். பெட்டியே சிரிக்கும்.

புதிதில் நானும் அவனிடம் சர்தார்ஜி ஜோக் சொன்னவன்தான். ஒருநாள், "அண்ணே, இது நீங்க போன மாசமே சொன்னது. புதுசா எதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்றான், கோபமே இல்லாமல். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆடாமலே உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா, சம்பளம் போடலியா?"

"பஞ்சாப்ல பாட்டிக்கு உடம்பு முடியலண்ணே. கண்ணு மூடறதுக்குள்ள நான் அமிர்தம் எடுத்துக்கறதைப் பார்க்கணுமாம்."

"நீதான் ஏற்கெனவே தலைப்பாகையும் தாடியுமா இருக்கியே. இன்னும் என்ன?"

"அது வீட்ல வளர்த்தது. இது நானா எடுத்துக்கறது. நான் ரெடியான்னுதான் தெரியல" என்றான்.

அன்றைக்குத் திருவள்ளூர் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தான். 1699-ம் வருஷம் வைசாகி நாளில், அனந்தபூர் சாகிப்பில் கூடியிருந்த கூட்டத்தின் முன்னால் குரு கோவிந்தர் வாளை உருவிக்கொண்டு, "எனக்கு ஒரு தலை வேண்டும்" என்று கேட்டார். கூட்டம் கப்சிப். ஒருவர் எழுந்தார். அப்புறம் ஒவ்வொருவராக இன்னும் நாலு பேர். அந்த ஐந்து பேருக்கும்தான் முதல் அமிர்தம். லாகூர், அஸ்தினாபுரம், பூரி, துவாரகை என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்தவர்கள். ஐந்தாமவர் நம் தென்னாட்டுப் பக்கம், பீதர்காரர். பெயர் சாகிப் சந்த். தொழில்? முடி திருத்துவது!

"அண்ணே, முடியே வெட்டக் கூடாதுங்கற விரதத்தை முதல்ல எடுத்துக்கிட்ட அஞ்சு பேர்ல ஒருத்தர் முடி வெட்டறவர். எவ்வளவு தைரியம் பாருங்க" என்றான் சிங்கம். அதைவிடப் பெரிய விஷயம், குரு அந்த ஐந்து பேர் முன்னால் தானே கைநீட்டி நின்று அவர்களிடமே அமிர்தம் வாங்கிக்கொண்டதுதான்.

இன்றைக்கும் அதே முறைதான். ஏற்கெனவே அமிர்தம் எடுத்த ஐந்து பேர் உட்கார்ந்து, இரும்புக் கிண்ணத்தில் தண்ணீரும் சர்க்கரை மிட்டாயும் போட்டு, பிரார்த்தனை சொல்லிக்கொண்டே இருமுனைக் கத்தியால் கலக்கிக் கொடுப்பார்கள். மிச்சத்தை எல்லோரும் அதே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். என்ன சாதி, என்ன வேலை என்பதெல்லாம் அந்தக் கிண்ணத்தோடு சரி.

அதற்கப்புறம்தான் கஷ்டமே. வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளையம், அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்ற ஐந்தும் எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து குளித்துப் பிரார்த்தனை. சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. கூடவே கூடாதவை நாலு: முடி வெட்டுவது, புகையிலை, பிறர் மனை, மதச் சடங்குப்படி அறுத்த இறைச்சி.

"நாலுல மூணு நமக்குக் கஷ்டமில்ல. ஆனா ஆம்பூர் பிரியாணி..." என்று பெருமூச்சு விட்டான். பெட்டியில் பாதிப் பேர் சேர்ந்து பெருமூச்சு விட்டோம்.

சரி, எந்த வயதில் எடுப்பது? வயதுக் கணக்கே கிடையாதாம். 1945-ல் அவர்கள் ஏற்றுக்கொண்ட நடைமுறை விதியில், ரொம்பச் சின்னப் பிள்ளையாக இருக்கக் கூடாது, விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு விட்டுவிட்டார்கள். பரீட்சை இல்லை, மார்க் இல்லை. 'நான் ரெடி' என்று நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். நீங்களே சொல்லுங்கள், இதைவிடக் கஷ்டமான பரீட்சை உண்டா?

எங்கள் பெட்டியில் ஒரு பேங்க்காரர், நடமாடும் நூலகம். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "அம்பேத்கர் இந்துவாகச் சாக மாட்டேன்னு 1935-ல சொன்னார். 1936-ல சீக்கிய மதத்தைக்கூட யோசிச்சார். கடைசியா பௌத்தத்துக்குப் போனது 1956-ல. இருபத்தோரு வருஷம்! அந்தப் பக்கம் பாரு, தூத்துக்குடிக்காரர் ஜீவன் சிங், சுப்ரீம் கோர்ட் வக்கீல். டெல்லி விவசாயிகள் போராட்டத்துல சீக்கியர்களைப் பார்த்தார், 2023-ல சீக்கியராயிட்டார். 2024 தேர்தல்ல அவர் கட்சி ஏழு தமிழ்ச் சீக்கியர்களையே நிறுத்துச்சு. அவரவர் கடிகாரம் அவரவருக்கு."

"என் கடிகாரம் பாட்டி கையில இருக்கே சார்" என்றான் சிங்கம்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என் கடிகாரமும் நின்றுதான் கிடக்கிறது. பத்து மைலுக்குள் திருத்தணி. அப்பா வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டுக் காவடி எடுத்தவர். அவர் போன பிறகு, "நீ ஒரு வருஷமாவது எடுடா" என்று அம்மா கேட்கிறாள். "அடுத்த வருஷம்மா" என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம் பக்திக் குறைவு இல்லை சார், பாக்கெட்டில் இருக்கும் சிகரெட். விட்ட பிறகு மாலை போடலாம் என்று நான். மாலை போட்டால் தானாக விடுவாய் என்று அம்மா. மேலே இருக்கிற முருகன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

சிங்கம் ஒரு முடிவுக்கு வந்தான். அமிர்தம் எடுக்காமலே, எடுத்தவன் மாதிரி ஒரு மண்டலம் இருந்து பார்ப்பது. நாற்பத்தெட்டு நாள். நாலரைக்கு எழுந்தான். சீட்டாட்டத்தை விட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விட்டுப்போன பிரார்த்தனையை முணுமுணுத்தான். கல்யாண வீட்டுப் பிரியாணியில் வெறும் தயிர்ப் பச்சடியைத் தின்றுவிட்டு வந்தான். ஆனாலும் மண்டலம் முடிந்தபோது காலண்டரில் ஒன்பது நாள் பெருக்கல் குறி.

"ஒன்பது நாள் எழுந்திருக்கலண்ணே. நான் ஃபெயில்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையில் குருத்வாராவுக்குப் போய் ஒரு பெரியவரிடம் காலண்டரையே காட்டியிருக்கிறான். அவர் சொன்னாராம்: "தப்பே பண்ணாதவங்கதான் எடுக்கணும்னா, உனக்குக் கொடுக்க அஞ்சு பேரை எங்கே போய்த் தேடறது?" விதியிலேயே அதற்கு வழி இருக்கிறது. தவறினால் ஐந்து பேர் முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டும். அவர்கள் கொடுக்கும் சேவையைச் செய்ய வேண்டும். அந்தப் பெரிய நாலில் ஒன்றென்றால், மறுபடி அமிர்தம் எடுக்க வேண்டும். "விழ மாட்டேன்னு சத்தியம் பண்ணத் தேவையில்ல. விழுந்தா மறைக்க மாட்டியா? அதை மட்டும் யோசிச்சுட்டு வா" என்று அனுப்பியிருக்கிறார்.

அன்று இரவே பாட்டிக்குப் போன் போட்டான். "இந்த வைசாகிக்கு முடியாது பாட்டி. உனக்காக எடுத்தா உனக்குச் சந்தோஷம். மறுநாள் நாலரைக்கு எழுந்திருக்கப் போறது நான்தானே?" என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராகப் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தானாம்.

பாட்டி சிரித்திருக்கிறாள். "நானே நாற்பத்தொரு வயசுலதாண்டா எடுத்தேன். என் மாமியார் இருபது வருஷம் கேட்டாங்க. பொய்யா மட்டும் எடுக்காதே. ஆனா, சாக்கும் சொல்லாதே."

அந்தக் கடைசி வாக்கியம் பஞ்சாபிலிருந்து கிளம்பி, சிங்கம் வழியாக, நேராக என் சட்டைப் பாக்கெட்டுக்கு வந்து சேர்ந்தது.

சிங்கம் இரண்டாவது மண்டலம் ஆரம்பித்துவிட்டான். இந்த முறை முடிந்ததும் தேதி சொல்கிறேன் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறான். பாட்டியும் இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாளாம். நேற்றுக் காலை ஜன்னலோரம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு எத்தனாவது நாள்ப்பா?"

"முப்பத்தொண்ணு. உங்களுக்குண்ணே?"

சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ரயில் பாஸ் மட்டும்தான் இருந்தது.

"மூணு" என்றேன்.