தானியங்கி கியர் கார்களின் வகைகள்

ஓட்டுநர் கிளட்ச் மிதிக்காமல், வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பக் கார் தானே கியரை மாற்றிக்கொள்வதே தானியங்கி கியர் அமைப்பு. இவ்வகைக் கார்களில் பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகிய இரண்டு மிதிகள் மட்டுமே இருக்கும். வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும், உள்ளே இயங்கும் விதத்தில் நான்கு முக்கிய வகைகள் உண்டு.

திண்டிவனம் – விழுப்புரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது இவற்றின் வேறுபாடு அதிகம் தெரியாது. பொங்கல் விடுமுறை நெரிசலில், இடையிலுள்ள விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை நோக்கி ஊர்ந்து செல்லும்போது தெளிவாகத் தெரியும்.

1. டார்க் கன்வெர்ட்டர்

இதில் எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைப்பது எண்ணெய். எதிரெதிரே உள்ள இரண்டு விசிறிகளில் ஒன்று எண்ணெயைத் தள்ள, மற்றொன்று சுழலும். உராயும் கிளட்ச் தட்டு இல்லாமலே கார் நகரத் தொடங்குவதால், ஊர்ந்து செல்வதற்கு ஏற்றது. எண்ணெயில் சிறிது ஆற்றல் வீணாகும்.

2. ஏ.எம்.டி.

இது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் மனிதனுக்குப் பதிலாகக் கணினிக் கட்டுப்பாட்டில் உள்ள கருவிகள் இயக்குகின்றன. 2014-இல் வந்த மாருதி சுசூகி செலேரியோ இம்முறையை இந்தியாவில் குறைந்த விலைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. கியர் மாறும்போது சிறு தயக்கம் தெரியும்.

3. சி.வி.டி.

இதில் படிப்படியான கியர்கள் இல்லை. அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடும் எஃகுப் பட்டையோ சங்கிலியோ விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் ரப்பர் பட்டையுடன் இதைக் கார்களில் அறிமுகப்படுத்தியது. பயணம் குலுங்காது. ஆனால் வேகமாக முந்த முயலும்போது எஞ்சின் சத்தம் முதலில் உயரும், வேகம் பின்னால்தான் கூடும்.

4. டி.சி.டி.

ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு கிளட்சுகள் உண்டு. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் மாற்றம் மிக விரைவாக நடக்கும். எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகை, நீண்ட நெரிசலில் எளிதில் சூடாகும்.

நெரிசலில் கவனிக்க வேண்டியவை

ஏ.எம்.டி., டி.சி.டி. இரண்டிலும் உள்ளே உராயும் கிளட்ச் இருக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக் காரை நிறுத்திவைத்தால் அது சூடாகித் தேயும். எனவே பிரேக்கால் மட்டுமே நிறுத்த வேண்டும். முன்வண்டி சிறிது நகர்ந்து இடம் விட்டபின் ஒரேயடியாக நகர்வது நல்லது.

ஆகவே கார் வாங்குபவர் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், எந்த வகை என்று கேட்டறிவது அவசியம். பராமரிப்புச் செலவும் ஓட்டும் முறையும் அதைப் பொறுத்தே அமையும்.