கடலுக்கு ஒரு பிரேக் சர்டிபிகேட்

வங்காளத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் குடியிருந்தும் மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முள் எடுத்துச் சாப்பிடுவது ஒன்றுதான். கரக்பூர் கோல்பஜாரில் பேரம் பேசி ரோகு வாங்குவேன். குளத்தங்கரையில் தூண்டிலோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வங்காளி நண்பர்களைப் பார்த்து, "இதற்கென்று ஒரு பொறுமை வேண்டும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். அப்படிப்பட்டவன் 2025 பிப்ரவரியில், அறுபத்தாறு வயதில், அந்தமான் கடலுக்குத் தூண்டில் போடப் போனேன்.

நம் சங்க அன்பர்கள் பலர் அந்தமான் போய் வருகிறார்கள். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, ராஸ் தீவு என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இப்போது பிள்ளைகள் அதோடு விடுவதில்லை. படகெடுத்து ஆழ்கடலில் மீன் பிடிக்கவும் வேண்டும் என்கிறார்கள். போய் வந்தவன் என்ற முறையில் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டார். நல்ல பகுதியை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விழுங்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனசு ஒப்பவில்லை. முழுவதையும் எழுதுகிறேன்.

என் மாப்பிள்ளைக்கு வங்கி வேலை. போர்ட் பிளேருக்கு மாற்றலாகிப் போனார். ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ரயிலே இல்லாத ஊர். போய் இறங்கிய அன்று எனக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது. பேத்திக்குப் பதினான்கு வயது. இந்தியும் வங்காளமும் தண்ணீர் பட்டபாடு, தமிழ் மட்டும் கொஞ்சம் நொண்டும். மூன்று மாதமாக அப்பாவை நச்சரித்து ஒரு படகுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். முதல் நாள் இரவு மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பெரியவர் ஒருவர் துணைக்கு வராமல் சிறுமியை ஏற்ற மாட்டார்கள். "நான் வருகிறேன்" என்றேன்.

இந்தப் படகுப் பயணத்தின் முறையைச் சொல்லிவிடுகிறேன். வாடகை தலைக்கு அல்ல, படகுக்கு. ஒரு நாளைக்குப் பல ஆயிரம் ஆகும் என்பதால் மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுப்பதுதான் வழக்கம். கேப்டன், உதவியாளர், தூண்டில், போலி இரை, ஐஸ், உயிர்காக்கும் ஜாக்கெட் எல்லாம் அவர்களுடையவை. புதியவர்கள் முழு நாளுக்கு ஆசைப்படாமல் அரை நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மே மாதம் பருவக்காற்று வந்துவிட்டால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். படகுக்கு உரிமம் இருக்கிறதா, ரேடியோ வேலை செய்கிறதா, ஜாக்கெட் உங்கள் உடம்பு அளவுக்கு உண்டா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். கேட்டால் நல்ல கேப்டன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் கேப்டனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மாயாபந்தர் பக்கத்துக் கரேன் இனத்தவர். 1925-இல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்களின் வாரிசு. கடலில் கெட்டிக்காரர்கள் என்று அந்தத் தீவுகளில் அவர்களுக்குப் பெயர். அதிகம் பேசாத மனிதர். பேசினால் இந்தி. உதவியாளர் நம்மவர். தகப்பனார் ராமநாதபுரம், இவர் பிறந்தது போர்ட் பிளேரில். "வாங்கய்யா, வா பாப்பா" என்றதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்தப் 'பாப்பா' பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

விடியுமுன்பே படகுத்துறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, நீந்தத் தெரியுமா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். அடியில் ஒரு கேள்வி: இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?

2023 கடைசியில் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் இரண்டு மாத்திரை. அன்று காலையிலும் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். அதை எழுதினால் ஏற்ற மறுத்துவிடுவார்களோ, பேத்தியின் மூன்று மாத ஆசை கெட்டுவிடுமோ என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு: இந்தச் சின்னப் பையன் முன்னால் நோயாளியாக நிற்க எனக்கு இஷ்டமில்லை. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேத்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ரயில்வே குடும்பத்து வாசகர்களுக்கு இதன் கனம் உடனே புரியும். நான் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவு. 1980-இல் டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன். அந்தக் காலத்துப் பெயரில் சொன்னால் டி.எக்ஸ்.ஆர். வண்டி புறப்படுமுன் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்து, எத்தனை வண்டிகளில் பிரேக் பிடிக்கிறது, குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று எழுதி, பிரேக் பவர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு டிரைவரிடமும் கார்டிடமும் கொடுப்பது எங்கள் வேலை. அந்தத் தாள் இல்லாமல் வண்டி நகராது. கன்ட்ரோலிலிருந்து எத்தனையோ முறை அவசரப்படுத்தியிருக்கிறார்கள். பிரேக் சரியில்லாத ஒரு வண்டிக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

துறைமுக வாய் தாண்டியதும் படகு ஆடத் தொடங்கியது. தலைசுற்றல் மாத்திரையை இரவே ஒன்றும் காலையில் ஒன்றும் போட்டிருந்தோம். சாப்பிட்டது இரண்டு இட்லி. வெறும் வயிறும் ஆகாது, நெய்ப் பொங்கலும் ஆகாது. உள்ளறையில் போய் உட்காராமல் காற்றுப் படும் இடத்தில் நின்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். நான் கேட்டேன். பேத்தி செல்போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்து, அரை மணியில் பக்கவாட்டில் குனிந்துவிட்டாள். அதன்பின் தெளிந்துவிட்டாள்.

அந்தமான் என்பது பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் நீண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அதனால் தீவுகளைச் சுற்றி ஆழம் குறைந்த மேடை அகலமில்லை; கொஞ்ச தூரத்தில் கடல் சரிந்து இறங்கிவிடும். அந்தச் சரிவின் விளிம்பில்தான் சிறிய மீன் கூடும், அதைத் தின்னப் பாரை, சூரை, வஞ்சிரம் வரும். எங்கே வேண்டுமானாலும் தூண்டில் போடலாம் என்பதில்லை. 1983-இல் அமைத்த வண்டூர் கடல் தேசியப் பூங்காவில் கூடாது. பழங்குடி மக்களுக்கு ஒதுக்கிய கரைகளை நெருங்கவே கூடாது. கேப்டன் வரைபடத்தில் விரலால் கோடு கிழித்து இவ்வளவையும் இரண்டே நிமிடத்தில் சொன்னார்.

புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது டிராலிங். மீன் வடிவத்தில் செய்த போலி இரைகளைப் பின்னால் நீளமாக விட்டு, படகை மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவார்கள். எங்கள் யார்டில் ஷண்டிங் செய்யும் வேகம்! மீன் கவ்வும் வரை உங்களுக்கு வேலையில்லை. கவ்வியபின் முழு வேலையும் ரீலில் இருக்கும் ஒரு பிரேக்கில்தான். அதை டிராக் என்கிறார்கள். உருளைக்குள் உராயும் வட்டத்தகடுகள். ஒரு லீவரைத் தள்ளினால் இறுகும், இழுத்தால் தளரும். நூல் எவ்வளவு பாரத்தில் அறுமோ அதில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும். எங்கள் நூல் 36 கிலோ தாங்குவது. உதவியாளர் தராசு மாட்டி இழுத்துப் பார்த்து 12 கிலோவில் வைத்திருந்தார். அதைவிடப் பலமாக மீன் இழுத்தால் நூல் தானாக வெளியே ஓடும். ஓட விட வேண்டும். களைத்து நிற்கும்போது கம்பைத் தூக்கி, தாழ்த்தும்போது சுற்ற வேண்டும். "லீவரை மட்டும் தொடாதீங்கய்யா. நான் பாத்துக்கிறேன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஏழரை மணி இருக்கும். வலது பக்கக் கம்பு வளைந்து, ரீல் 'கிர்ர்' என்று கத்தியது. பேத்தி இன்னும் சோர்வாக இருந்ததால் கம்பை என் கையில் கொடுத்தார்கள். அந்தச் சில நிமிடங்களை நான் மறுக்க மாட்டேன். அப்படி ஒரு உயிருள்ள பாரத்தை என் கை அறிந்ததில்லை. நூல் ஓடிக்கொண்டே இருந்தது. உருளையில் பாதிக்கு மேல் காலி. இப்படியே போனால் முழுவதும் போய்விடுமே என்று தோன்றியது. வாக்குவம், ஏர் என்று முப்பத்தெட்டு வருஷம் பிரேக் பார்த்தவனுக்கு இது ஒரு பிரேக்கா? லீவரை முன்னால் தள்ளினேன்.

ஓட்டம் நின்றது. மறுகணம் மீன் என்னைப் படகின் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போய் மோதியது. நூலைச் சீராகச் சுற்ற இடது கட்டைவிரலை அதன்மேல் வைக்கச் சொல்லியிருந்தார்கள். விரல் அங்கேயே இருந்தது. உதவியாளர் பாய்ந்து வந்து லீவரை இழுத்தார். பின்னல் நூல் விரல்மேல் சீறிக்கொண்டு ஓடியது. வலி தெரியவில்லை. வெள்ளைத் தளத்தில் சிவப்பாகச் சொட்டியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கேப்டன் எஞ்சினைத் தணித்துவிட்டு வந்து துணி வைத்து அழுத்தி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். உதவியாளர் மீனோடு போராடிக்கொண்டே, "என்ன செய்ய?" என்றார். "வெட்டு" என்றார் கேப்டன். கத்தி பட்டதும் நூல் போயிற்று. விலை அதிகமான போலி இரையும் மீனும் அதோடு போயின.

பத்து நிமிடம் ஆயிற்று, ரத்தம் நிற்கவில்லை. துணி மாற்றினார். பதினைந்து நிமிடம். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்து இந்தியில் கேட்டார்: "அங்கிள், ரத்தத்தை இளக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

நான் வாயைத் திறக்குமுன் பேத்தி சொல்லிவிட்டாள். மாத்திரைகளின் பெயரோடு சொன்னாள்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரேடியோவில் கரையோடு பேசிவிட்டு, இறுகக் கட்டுப் போட்டு, படகைத் திருப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எழுதியிருந்தால் உங்களைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருப்பேன். நூல் பக்கம் விட்டிருக்க மாட்டேன். கையுறை கொடுத்திருப்பேன். கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்." அவ்வளவுதான். மூன்று விஷயமும் ஒரு நல்ல டி.எக்ஸ்.ஆர். எழுதக்கூடிய குறிப்புகள். குறை இருக்கும் வண்டியை நாங்கள் எல்லாச் சமயமும் நிறுத்திவிடுவதில்லை; குறையை எழுதி, வேகத்தைக் குறைத்து அனுப்புவதும் உண்டு. எழுதினால்தானே!

மருத்துவமனையில் நான்கு தையல். பேத்தியின் தூண்டில் அன்று தண்ணீரைத் தொடவே இல்லை. வீடு வரும் வரை பேசவில்லை. ராத்திரி என் அறை வாசலில் வந்து நின்று, "என் ஆசைக்காகப் பொய் எழுதினேன்னு அம்மாகிட்ட சொல்லாதே தாத்தா. நான் உன்னை அப்படி எழுதச் சொல்லலை" என்றாள். நொண்டாத தமிழில்தான் சொன்னாள். அவள் சொன்னது சரி. மகளிடம் அதைத்தான் சாக்காகச் சொல்லலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து அதே படகில் அப்பாவும் மகளும் போனார்கள். வாடகையில் பாதியை நான் கொடுத்தேன். போன தடவை போன இரைக்கும் காசு கொடுத்தேன், கேப்டன் வாங்க மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார். அன்று அவள் பிடித்தது ஒரு சூரை, ஒரு பெரிய பாரை. பாரையை நிறுத்துப் படமெடுத்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டார்களாம். பெரிய பாரைகளை அங்கே அப்படித்தான் விடுகிறார்கள். அது அவள் கதை. நம் இதழின் இளைஞர் பக்கத்துக்குத் தமிழில் அவளே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள், பார்ப்போம்.

அன்று விடியற்காலை நான் வழியனுப்பப் படகுத்துறை வரை போயிருந்தேன். மாப்பிள்ளை பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சிறுமிக்கான படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் கட்டோடு, மெதுவாக எழுதினேன். கடைசிக் கேள்விக்கு வந்ததும் அவளைப் பார்த்தேன்.

"வெயில் பட்டா எனக்கு மூக்குல ரத்தம் வருமே தாத்தா, அதையும் எழுது" என்றாள்.

எழுதினேன். கேப்டன் படிவத்தை வாங்கி அடிவரை படித்துவிட்டு, கூரை நிழல் விழும் பக்கத்து நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார்.