மறதிக்கு ஒரு கிராமம்

டிமென்ஷியா என்பது நினைவு, மொழி, முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைப் படிப்படியாகச் சிதைக்கும் பல மூளை நோய்களுக்கான பொதுப்பெயர். அவற்றில் பாதிக்கு மேல் அல்சைமர் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 5.5 கோடிக்கும் அதிகமானோர் இதனால் பாதிக்கப்பட்டுள்ளனர். நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லாததால், நோயாளிக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு பராமரிப்புதான். அந்தப் பராமரிப்போ நெடுங்காலம் மருத்துவமனையைப் பார்த்தே அமைக்கப்பட்டது: நீண்ட நடைக்கூடம், இருபுறமும் அறைகள், கடைசியில் பூட்டிய கதவு.

கதவைத் தட்டுவது, கத்துவது, ஓயாமல் உலாத்துவது எல்லாமே நோயின் அறிகுறிகளாகக் கருதப்பட்டு, அடக்குவதற்கு மனநோய் மருந்துகள் தரப்பட்டன. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இம்மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. பிரிட்டனில் 2009இல் பேராசிரியர் சுபே பானர்ஜி அரசுக்கு அளித்த அறிக்கையின்படி, அங்கே ஏறத்தாழ 1,80,000 டிமென்ஷியா நோயாளிகள் இவற்றை உட்கொண்டுவந்தனர். அதனால் ஆண்டுக்குச் சுமார் 1,800 கூடுதல் மரணங்கள் நேர்ந்தன.

எல்லாவற்றையும் நோயின் அறிகுறியாகக் காணும் பார்வையையே கேள்விக்கு உட்படுத்தியவர் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டாம் கிட்வுட். மூளையின் சேதம் மட்டுமே ஒருவரின் நிலையைத் தீர்மானிப்பதில்லை, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதமும் அவரைச் சரியவைக்கும் என்று 1997இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். நோயாளி எதிரில் இருக்கும்போதே இல்லாதவர்போல அவரைப் பற்றிப் பேசுவது, குழந்தையைப் போல அதட்டுவது, அவசரப்படுத்துவது, தாமே செய்யக்கூடியதைச் செய்யவிடாமல் பிடுங்கிச் செய்வது எனக் கிட்வுட் தந்த பட்டியல் நீளமானது. இவற்றைச் செய்பவர்கள் கொடியவர்கள் அல்லர், பெரும்பாலும் நல்லெண்ணம் உள்ளவர்களே என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். பட்டியலைப் படிக்கும் எந்தக் குடும்பமும் அதில் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள வெஸ்ப் ஊரில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லம் இதே சிக்கலை நடைமுறையிலிருந்து அணுகியது. தங்கள் பெற்றோரை இங்கே சேர்க்க மனம் வருமா என்ற கேள்வி 1990களின் தொடக்கத்தில் அங்கு பணிபுரிந்தவர்களிடையே எழுந்தது. அதை எழுப்பியவர்களில் ஒருவர் இவோன் வான் அமரோங்கன். பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் 2009இல் ‘ஹோகவைக்’ கிராமம் எழுந்தது. ஒரு வீட்டில் ஆறேழு பேர் வாழ்கிறார்கள். தெரு, பூங்கா, சூப்பர் மார்க்கெட், உணவகம், நாடக அரங்கு எல்லாம் உண்டு. வீட்டுக்கு வேண்டிய மளிகை கிராமத்துக் கடையில் வாங்கப்பட்டு, சமையலும் வீட்டிலேயே நடக்கிறது. ஊழியர்கள் சீருடை அணிவதில்லை. யாரோடு யார் வசிப்பது என்பதை நோயாளிகள் அதுவரை வாழ்ந்த வாழ்க்கைமுறை முடிவு செய்கிறது. தொடக்கத்தில் ஏழு வகை வீடுகள். காலனிய இந்தோனேசியாவில் வளர்ந்தவர்களுக்கென்றுகூட ஒரு வகை இருந்தது. பின்னர் வகைகள் நான்காகக் குறைக்கப்பட்டன.

பழகிய வாழ்க்கைமுறையைத் தொடரவிடும் இந்த ஏற்பாட்டுக்கு நரம்பியல் அடிப்படை உண்டு. அல்சைமர் முதலில் தாக்கும் பகுதிகளில் ஒன்று, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ். காலையில் யார் வந்தார்கள் என்பது நிற்காது. ஆனால் காய் நறுக்கும் கைப்பழக்கம், இளமையில் கற்ற பாட்டு போன்றவை மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். புதிய இடத்தின் விதிகளைக் கற்கச் சொல்வது, நோயாளியிடம் இல்லாத திறனைக் கேட்பது. பழகிய அடுப்படியோ எஞ்சியிருக்கும் திறனுக்கு வேலை கொடுக்கிறது.

விமர்சனங்களும் வந்தன. கிராமத்துக்கு வாசல் ஒன்றுதான், அதில் காவல் உண்டு. கடையில் காசு கைமாறுவதில்லை. இது ஒரு நாடக மேடை, நோயாளிகள் ஏமாற்றப்படுகிறார்கள் என்றனர் சிலர். கடையில் இருப்பது உண்மையான பொருள், அடுப்பில் வேவதும் உண்மையான சோறு என்பதால் ஏமாற்று என்ற குற்றச்சாட்டு அவ்வளவாகப் பொருந்தவில்லை. காவல் வாசல் பற்றிய குறை மட்டும் கனமானது. நோயாளிகளை எவ்வளவு அழகான இடத்தில் வைத்தாலும், ஊரிலிருந்து பிரித்து வைப்பதாகவே அது முடியும்.

பிரான்ஸின் டாக்ஸ் நகரில் 2020இல் திறக்கப்பட்ட அல்சைமர் கிராமம் அந்தக் குறையைக் கணக்கில் கொண்டது. ஏறத்தாழ 120 பேர் வாழும் அந்த வளாகத்தின் உணவகத்துக்கும் நூலகத்துக்கும் நகரத்து மக்கள் வரலாம். தன்னார்வலர்கள் அன்றாட வாழ்க்கையில் பங்கெடுக்கிறார்கள். கூடவே ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இத்தகைய வாழ்க்கை நோயாளிகளின் நலனையும் குடும்பத்தாரின் மனச்சுமையையும் எப்படி மாற்றுகிறது என்பதோடு, அக்கம்பக்கத்து மக்கள் இந்நோயைப் பார்க்கும் பார்வை மாறுகிறதா என்பதையும் அவர்கள் அளந்து வருகிறார்கள்.