கினிப்பன்றியின் கண்ணோயும் நோய் தணியுங்காலப் பராமரிப்பும்

கினிப்பன்றிக்குக் கண்ணிற் கடும் நோய் கண்டவிடத்து, வளர்ப்போரின் கருத்து முழுவதும் அக்கண்ணிலேயே நிலைத்துவிடுவது இயல்பு. வீக்கம் வற்றியதா, சீழ் நின்றதா என்று நாளுக்குப் பன்முறை நோக்குவர். ஆயினும், கண்ணைப் பார்த்துக்கொண்டு வயிற்றைப் பாராது விடுவதனால் இவ்விலங்கை இழக்க நேர்வதுண்டு. கண்ணுக்கு மருந்து எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது அது இடைவிடாது உண்ணுமாறு பார்த்துக்கொள்வதாகும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

விலங்கின் இயல்பு

கினிப்பன்றி பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. எலி, அணில் முதலியவற்றைப் போலக் கொறித்துண்ணும் விலங்காகும். தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனைப் பழக்கி, இறைச்சிக்காக வளர்த்தனர். இன்று பிற நாடுகளிற் செல்லப் பிராணியாகவும் ஆய்வுகூட விலங்காகவும் இது வளர்க்கப்படுகின்றது.

முயற்குட்டி கண் மூடியவாறே பிறக்கும். கினிப்பன்றிக் குட்டியோ உடல் முழுதும் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். தலையின் இரு பக்கங்களிலும் புடைத்து நிற்கும் அக்கண்கள், பகைவிலங்கு எத்திசையில் வரினும் கண்டுகொள்ள உதவுவன. ஆயினும், அவ்வாறு புடைத்து நிற்பதனாலேயே புல்லும் தும்பும் எளிதிற் குத்திப் புண்ணாக்க இடமுண்டு.

கினிப்பன்றி சில வேளைகளிற் கண்ணிலிருந்து பால்போன்ற வெண்ணிற நீரைச் சுரந்து, முன்னங்கால்களால் அதனை முகத்திற் பூசித் துப்புரவு செய்யும். சிறிது நேரத்தில் மறைந்துவிடும் இந்நீர் நோயன்று. நீங்காது நிற்கும் நீர், பொருக்கு, மஞ்சள் நிறச் சீழ், இமை வீக்கம், கண்ணை மூடிக்கொண்டிருத்தல், கருவிழி நீலம் கலந்த வெண்மையாக மங்குதல் ஆகியனவே நோயின் அறிகுறிகளாகும்.

நோய்க்கான காரணங்கள்

கண்ணோய் ஒன்றாகத் தோன்றினும் காரணங்கள் பலவாகும். வைக்கோற் தும்போ முற்றிய புல்லின் தண்டோ குத்துவதனாற் கருவிழியின் மேற்படலத்திற் புண் உண்டாகலாம். பற்றீரியாக்கள் தொற்றி இமையின் உட்புறம் அழற்சியடையலாம். கிளமிடியா கேவியே என்னும் நுண்ணுயிர், சிறப்பாக இளங்குட்டிகளிடையே, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும் கண்ணழற்சியை உண்டாக்கும். விற்றமின் சி குறைவும் கண்ணிற் பொருக்கு ஏற்படக் காரணமாகும்.

பற்களையும் மறத்தலாகாது. கினிப்பன்றியின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்வன. மேற்கடைவாய்ப் பற்களின் வேர்கள் கண்குழிக்கு அண்மையில் உள்ளன. அவ்வேரிற் சீழ்க்கட்டு உண்டானால் கண் வெளியே தள்ளப்படும். இந்நிலையிற் கண்ணுக்கு மட்டும் மருந்திடுவது பயன் தராது.

மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல்

காரணம் இன்னதென வீட்டிலிருந்தவாறு அறிதல் இயலாது. ஆதலால், கண் மூடியோ மங்கியோ காணப்பட்ட அன்றே விலங்கை மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். அவர் புளோரசீன் என்னும் சாயத்தைக் கண்ணில் இடுவார். கருவிழியிற் புண் இருப்பின் அவ்விடம் பச்சை நிறமாகத் தோன்றும். ஆழமற்ற புண், தகுந்த சிகிச்சையால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆறக்கூடும். ஆழ்ந்த புண் ஆறப் பல வாரங்கள் செல்லும். சில வேளை கண் உடைந்துவிடுதலும் உண்டு.

இரு தவறுகள் பெருங்கேடு விளைப்பன. முதலாவது, வீட்டில் எஞ்சியிருக்கும் கண் மருந்தை இடுவது. மனிதருக்கான சில சொட்டு மருந்துகளில் டெக்சாமெதசோன், பிரெட்னிசொலோன் போன்ற ஸ்ரெரோயிட்டுக்கள் கலந்திருக்கும். கருவிழியிற் புண் உள்ளபோது இவை புண்ணை ஆறவிடாது ஆழமாக்கும். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன் ஆகியவற்றை விடும் வழக்கமும் இவ்விடத்து விலக்கத்தக்கதே.

இரண்டாவது, நாய்க்கோ மனிதருக்கோ கொடுத்த நுண்ணுயிர்கொல்லியை வாய்வழி கொடுப்பது. பெனிசிலின் கினிப்பன்றிக்கு நஞ்சாவதை 1943 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். பெனிசிலின், அம்பிசிலின், அமொக்சிசிலின், எரித்திரோமைசின், கிளின்டமைசின் ஆகியன இதன் பெருங்குடலில் உணவைச் செரிக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும். நச்சு விளைக்கும் நுண்ணுயிர்கள் அவ்விடத்திற் பெருகி, கழிச்சல் உண்டாகி, விலங்கு சில நாட்களில் இறந்துபோகும். கண்ணிலிடும் களிம்பையும் அது நக்கி விழுங்கக்கூடுமாதலால், எம்மருந்தாயினும் மிருக வைத்தியர் குறித்ததாகவே இருத்தல் வேண்டும்.

மருந்திடும் முறை

மருந்திடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். கொதித்தாறிய 500 மில்லிலீற்றர் நீரில் ஏறக்குறைய முக்கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, தூய பஞ்சை அதில் நனைத்துப் பொருக்கின்மேற் சிறிது நேரம் வைத்தால் பொருக்கு இளகும். பின்னர் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லத் துடைத்தல் வேண்டும். உலர்ந்த பொருக்கை நகத்தாற் பெயர்த்தலாகாது. ஒரு கண்ணைத் துடைத்த பஞ்சை மறு கண்ணுக்குப் பயன்படுத்தலும் ஆகாது.

விலங்கை ஒரு துவாயிற் சுற்றித் தலைமட்டும் வெளியே தெரியும்படி மடியில் இருத்துக. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் மூச்சுத் திணறும். கீழிமையை மெல்லத் தாழ்த்தி, போத்தலின் நுனி கண்ணிற் படாதவாறு ஒரு சொட்டு விடுக. இரு மருந்துகள் குறிக்கப்பட்டிருப்பின் இடையில் 5 நிமிடம் விடல் வேண்டும். சொட்டு மருந்தை முதலிலும் களிம்பைப் பின்னரும் இடுக. கண் தெளிந்துவிட்டதென மருந்தை இடையில் நிறுத்துவது தவறு. சாயமிட்டுப் பார்த்து வைத்தியர் போதுமென்று கூறும் வரை தொடர்தல் வேண்டும்.

உணவூட்டல்

கண்ணில் நோவுள்ள கினிப்பன்றி உண்பதை விட்டுவிடும். இதுவே பேரிடர். இதன் குடல் எப்போதும் நிறைந்திருக்குமாறு அமைந்தது; உணவு செல்லாது ஒரு நாள் கழியினும் குடலின் அசைவு தளர்ந்து, காற்று நிறைந்து, விலங்கு மேலும் உணவை வெறுக்கும். நோவைத் தணிக்கும் மருந்தை வைத்தியரிடம் கேட்டுப் பெறுவதும் உணவூட்டலின் ஒரு பகுதியே.

தானாக உண்ணாத விலங்குக்குக் கையாலே ஊட்டல் வேண்டும். குச்சித் தீவனத்தை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து, ஊசி நீக்கிய ஊசிக்குழலில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னால் வாயின் பக்கவாட்டிற் செலுத்துக. ஒருமுறைக்கு அரை மில்லிலீற்றர் அளவே விட்டு, மென்று விழுங்கிய பின் அடுத்ததை விடல் வேண்டும். விரைந்து செலுத்தினால் நுரையீரலுட் புகும். ஒரு கிலோகிராம் நிறையுள்ள விலங்குக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லிலீற்றர் வரை, 5 அல்லது 6 வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். இரவில் நெடுநேரம் விட்டுவிடாது, படுக்குமுன் ஒரு வேளையும் விடியலில் ஒரு வேளையும் ஊட்டுதல் நன்று. வயிறு உப்பி இறுகியிருப்பின் ஊட்டாது உடனே வைத்தியரை நாடுக.

கையால் ஊட்டும் காலத்திலும் உலர்புல்லும் பசும்புல்லும் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். தும்பு கண்ணிற் குத்தியதென்று புல்லையே நிறுத்துவோர் உளர். அவ்வாறு செய்யின் பற்கள் தேயாது வளர்ந்து புதிய நோய் உண்டாகும். கினிப்புல்லின் முற்றிய தண்டுகளை நீக்கி, இளம் இலைகளைத் தெரிந்தெடுத்து, உயரத் தொங்கவிடாது தரையிற் பரப்பி வைத்தலே முறை.

விற்றமின் சி

மனிதரைப் போலவே கினிப்பன்றியும் விற்றமின் சியைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள மாட்டாது. 1907 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு அறிஞர்களான ஒல்சுற்று, புரோலிக் என்போர், தானியம் மட்டும் உண்ட கினிப்பன்றிகளுக்கு மாலுமிகளைத் தாக்கும் கேவி நோயை ஒத்த நோய் உண்டாவதைக் காட்டினர். இந்த விற்றமின் குறைந்தாற் புண் ஆறுவது தாமதமாகும். நோய்த் தொற்றை எதிர்க்கும் வலுவும் குன்றும்.

நலமுள்ள விலங்கின் ஒவ்வொரு கிலோகிராம் நிறைக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 மில்லிகிராமும், நோயுற்றதற்கு 30 மில்லிகிராம் வரையும் வேண்டும். கொய்யாப்பழத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் உண்டு. ஆகவே 15 கிராம் எடையுள்ள ஒரு சிறு துண்டு நோயுற்ற விலங்கின் ஒருநாட் தேவையை நிறைவாக்கும். கறிமிளகாய், கொத்தமல்லி இலை ஆகியனவும் ஏற்றவை. குடிநீரிற் கலந்த விற்றமின் விரைவில் அழிந்துவிடுமாதலால் அம்முறை பயனற்றது. முயல்களுக்கென விற்கப்படும் குச்சித் தீவனத்தில் இந்த விற்றமின் சேர்க்கப்படுவதில்லை என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். ஆனைக்கொய்யா, வெங்காயம், உருளைக்கிழங்கின் இலை ஆகியன நஞ்சாவன, அவற்றைக் கொடுத்தலாகாது.

இருப்பிடம்

நோயுற்ற கண்ணுக்கு ஒளி நோவு தரும். காற்றோட்டமுள்ள, மங்கிய ஒளியுள்ள மூலையே ஏற்ற இடமாகும். மரத்தூளும் வைக்கோலும் இடாது, பழந்துணியை விரித்து நாள்தோறும் மாற்றுக. சிறுநீர் தேங்கினால் எழும் நவச்சார வாயு கண்ணை எரிக்கும். வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்கு மேற்படும்போது இவ்விலங்கு வெப்பத் தாக்கத்திற்கு உள்ளாகக்கூடும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களின் வெயிற்காலத்தில் தகரக் கூரையின்கீழ் வைப்பது ஆபத்தாகும்.

தொற்றுநோய் என ஐயமிருப்பின் மற்றைய கினிப்பன்றிகளிடமிருந்து பிரித்து வைத்தல் வேண்டும். குத்துப்புண் மட்டுமே என வைத்தியர் கூறின், பழகிய துணையை அருகிலே விடலாம். துணையுள்ள விலங்கு அச்சமின்றி உண்ணும். கிளமிடியா கேவியே அரிதாக மனிதரையும் தொற்றும். நெதர்லாந்தில் கினிப்பன்றிகளோடு பழகிய சிலருக்கு இதனாற் கடும் நுரையீரலழற்சி உண்டானமை 2017 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆகவே நோயுற்ற விலங்கைச் சிறுவர் முகத்தோடு அணைத்துக்கொள்ள விடலாகாது.

நாளாந்தக் குறிப்பு

நாள்தோறும் ஒரே நேரத்தில் விலங்கைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைத்தல் மிகச் சிறந்த பழக்கமாகும். 900 கிராம் நிறையுள்ள விலங்கு 810 கிராமுக்கு இறங்கினாற் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது. கண் தெளிவாகத் தோன்றினும் அது தேறவில்லை என்பதே பொருள். புழுக்கைகளும் செய்தி கூறுவன. அவை சிறுத்து, உலர்ந்து, எண்ணிக்கையிற் குறைந்தால் உணவு போதவில்லை என்று அறிக. அரை நாள் புழுக்கையே இல்லையாயின் மறுநாள் வரை காத்திராது வைத்தியரிடம் செல்க.

கண் போனாலும்

எல்லாம் செய்தும் சில கண்களைக் காக்க முடிவதில்லை. அந்நிலையில் நோவுமிக்க கண்ணை அறுவையால் அகற்றுமாறு வைத்தியர் கூறுவார். இதனைக் கேட்டு வளர்ப்போர் மனமுடைய வேண்டுவதில்லை. கினிப்பன்றி மோப்பம், செவி, மீசைமயிர் ஆகியவற்றின் துணையால் நன்கு நடமாடக்கூடியது. ஒற்றைக் கண்ணுள்ள விலங்கைப் பார்வையுள்ள பக்கத்திலிருந்து, குரல் கொடுத்தவாறே அணுகுதல் வேண்டும். உணவுப் பாத்திரத்தையும் மறைவிடத்தையும் இடம் மாற்றாது வைத்தல் வேண்டும். நோவு நீங்கிய பின் அது மீண்டும் விருப்போடு உண்ணத் தொடங்குவதைக் காணலாம்.

சுருங்கக் கூறின்:

1. கண் மூடியோ மங்கியோ காணப்பட்ட அன்றே மிருக வைத்தியரை நாடுக.

2. வைத்தியர் குறியாத எம்மருந்தையும் கண்ணிலோ வாயிலோ இடற்க.

3. தானாக உண்ணாவிடின் அன்றே கையால் ஊட்டத் தொடங்குக.

4. நாள்தோறும் விற்றமின் சி கொடுக்க, நாள்தோறும் நிறுக்க.

5. புல்லை நிறுத்தாது, முற்றிய தண்டை மட்டும் நீக்குக.