காக்கி போட்டவரெல்லாம் பொலிஸ் அல்ல

புத்தளம் களப்போரத்து இறால் பண்ணை ஒன்றில் இரவுக் காவலுக்கு நிற்கும் வாச்சர், குளத்துக்குள் வீச்சு வலையோடு இறங்கியவனைக் கையும் வலையுமாகப் பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தது சரி. ஆனால் பொலிஸுக்குச் சொல்லாமல் அவனை மோட்டார் கொட்டிலில் போட்டுப் பூட்டி, "முதலாளி வரட்டும், பேசிக்கொள்வோம்" என்று விடியும்வரை வைத்திருந்தால், கள்வனோடு சேர்ந்து வாச்சரும் வழக்கில் மாட்டிக்கொள்ள நேரும்.

கற்பிட்டி ஹோட்டல் வாசலில் நிற்பவருக்கும், பாலாவியில் தொழிற்சாலைக் கேட்டில் நிற்பவருக்கும், கல்வி நிறுவனங்களின் செக்கியூரிட்டிக்கும் இதே கதைதான். தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்களை ஒழுங்குபடுத்த 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் பெற்ற கம்பனியில் வேலை செய்வதால் ஒருவர் பொலிஸ்காரர் ஆகிவிடுவதில்லை. ஆளைப் பிடிக்கும் விஷயத்தில் அவரும், தெருவில் போகும் நீங்களும் நானும் ஒன்றுதான்.

ஆளைப் பிடிக்கத் தனியாளுக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு சொல்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண்முன்னே செய்பவரைத் தனியாள் பிடிக்கலாம். தேடப்படும் குற்றவாளி என்று பிரகடனம் செய்யப்பட்டவரைப் பிடிக்கலாம். அப்படியொரு குற்றத்தைச் செய்தார் என்று நியாயமாகச் சந்தேகிக்கக்கூடியவர் தப்பி ஓடும்போதும் பிடிக்கலாம். அவ்வளவுதான். பிடித்தவரைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள சமாதான அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தியாவின் புதிய சட்டம் இதற்கு ஆறு மணி நேரம் என்று கெடு வைத்திருக்கிறது. இலங்கைச் சட்டத்தில் மணிக்கணக்கு இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் 'முதலாளி வரட்டும்' நுழைகிறது.

நேற்று இரவு இறால் களவு போனது, இன்று காலை சந்தியில் நிற்கும் பையன் மீது சந்தேகம் என்றால், வாச்சர் அவனைத் தொட முடியாது. முறைப்பாடு செய்யலாம், அவ்வளவே.

சந்தேகத்தை மட்டும் நம்பி ஆள் பிடித்தால் எங்கே போய் முடியும் என்பதைப் புத்தளத்துக்கு வெளியூர்க்காரர் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்', 'மர்ம மனிதன்' என்று நாடெங்கும் கிளம்பிய பீதியில் ஊர்கள் இராக்காவல் போட்டன. புத்தளத்தில் கூடிய கூட்டத்துக்கும் பொலிஸாருக்கும் மோதல் மூண்டு, பொலிஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். மலையகத்தில் மர்ம மனிதர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

கும்பல் வேறு, சம்பளக் காவலாளி வேறு என்பீர்கள். 2023இல் பொரளையிலுள்ள சூப்பர்மார்க்கெட் ஒன்றில், பொருள் திருடியதாகச் சொல்லிப் பெண்ணொருவரை ஊழியர்கள் தாக்கும் காணொளி நாடெங்கும் பரவியது. கடைசியில் பொலிஸார் கைது செய்தது அந்த ஊழியர்களை.

தண்டனைச் சட்டக்கோவையின்படி ஒருவரின் வழியை மறிப்பது ஒரு குற்றம். அறையில் அடைத்துவைப்பது அதைவிடப் பெரிய குற்றம், ஓராண்டுவரை சிறை. கல்வி நிறுவனங்களுக்கு இன்னொன்றும் உண்டு. பகிடிவதைச் சட்டம் என்று எல்லோரும் அறிந்த 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், மாணவரையோ ஊழியரையோ சட்டவிரோதமாகத் தடுத்துவைப்பதையும் அடைத்துவைப்பதையும் தனிக் குற்றங்களாக்கியிருக்கிறது. அது சீனியர் மாணவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

காவலாளி கையில் ஒன்றுமே இல்லை என்றும் ஆகாது. அடையாள அட்டை இல்லாதவரை உள்ளே விடாமல் இருக்கலாம், வெளியே போகச் சொல்லலாம். அட்டையைக் காட்டவில்லை என்பதற்காக அறையில் உட்காரவைக்க முடியாது. "செய்தது நான்தான்" என்று எழுதி வாங்கும் பழக்கமும் வீண். அதிகாரத்தில் உள்ளவர் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி குற்ற வழக்கில் எடுபடாது.

அரச நிறுவனம் என்றால் பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு கதவும் திறக்கும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, சட்டம் சொன்ன முறையிலன்றி யாரையும் கைது செய்யக்கூடாது என்கிறது. அது நிர்வாகத்துறையின் செயலுக்கே பொருந்தும். தனியார் கடைக்காரர்மேல் அடிப்படை உரிமை வழக்குப் போக முடியாது. ஆனால் பாயிஸ் எதிர் சட்டமா அதிபர் வழக்கில், அரச அதிகாரிகள் தூண்டியோ கண்டும் காணாமல் விட்டோ தனியாள் செய்த காரியமும் இதற்குள் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எங்கேனும் தடுத்துவைக்கப்பட்டால், "என்னைப் பொலிஸிடம் ஒப்படையுங்கள்" என்று சாட்சிகள் கேட்கச் சொல்லுங்கள், 119க்கு அழையுங்கள். அடிப்படை உரிமை வழக்கோடு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது.